பதிமூன்றாம் மாதத்தில் பிறந்தவர்

யார் எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அவர் திரும்பிப் பார்ப்பார். தண்டலம் பஸ் நிறுத்தத்து டீக்கடைக்காரருக்கு அவர் கென்யா. பஸ் கண்டக்டர்களுக்கு நைஜீரியா. கிரிக்கெட் ஆடும் பையன்களுக்கு வெஸ்ட் இண்டீஸ். விடுதியில் நிலைத்துவிட்ட பெயர் வேறு. அதைப் பிறகு சொல்கிறேன். அவர் வந்தது எத்தியோப்பியாவிலிருந்து. ஏறக்குறைய நாலு வருஷம் எங்கள் கல்லூரியில் இருந்தார். அதில் ஒரு தடவைகூட அவர் யாரையும் திருத்தி நான் கேட்டதில்லை. "கென்யா, சக்கர கம்மியா போடவா?" என்று கேட்டால், "கம்மி அண்ணே" என்பார். அவ்வளவுதான்.

அவருடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவரைப் பற்றிய ஒரு விவரத்தை ஒரு முறை மாற்றி எழுதியவன் நான். இன்னொரு விவரத்தை என் கையால் எழுத எனக்கு மனம் வரவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நெடுஞ்சாலையை விட்டு உள்ளே, ஏரியை ஒட்டி, புதிதாகத் தொடங்கியிருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் நான் அலுவலக எழுத்தராக இருந்தேன். இன்று இந்தப் பக்கம் வரிசையாக நிற்கும் தொழிற்சாலைகள் அன்று இல்லை. கல்லூரியிலும் பாதி வகுப்பறைகளுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரைதான். சேர்க்கைப் பதிவேடு என் பொறுப்பு. என் அப்பா ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கர்ணமாக இருந்தவர். அரசாங்கம் கர்ணம் வேலையை ஒழிக்கும்வரை நிலக் கணக்கு எழுதினார். அவரிடமிருந்து எனக்கு வந்தது கையெழுத்தும் தேதிப் பைத்தியமும். பதினாறு வயதிலிருந்து டைரி எழுதுகிறேன். எந்தச் சம்பவத்தையும் கிழமையோடு சொல்ல முடியும் என்பதில் எனக்கு அப்போது கர்வம் இருந்தது.

பதிவேட்டில் வெளிநாட்டு மாணவர்களின் பெயருக்கு அடியில் சிவப்பு மையில் கோடு போடும் வழக்கத்தை ஏற்படுத்தியது நான்தான். யாரும் கேட்கவில்லை. அவர்கள் ஆறு பேர். போலீஸுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியாகப் பட்டியல் அனுப்ப வேண்டியிருந்தது. தேடுவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று போட்டேன். பதிவேட்டிலிருந்து வருகைப் பட்டியலுக்கும் அந்தக் கோடு போயிற்று. கணக்கு விரிவுரையாளர் ஒருவர் வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு, "செவப்புக் கோடெல்லாம் எழுந்திரு. உங்க ஊர்ல இதெல்லாம் சொல்லித் தரமாட்டாங்க, கவனமா கேளு" என்பாராம். அந்த வகுப்பில் கோடு இருந்தது அவர் ஒருவருக்குத்தான். பன்மையில் கூப்பிட்டாலும் எழுந்து நிற்பார்.

கல்லூரித் தாளாளருக்கு அவர்களால் பெருமை. வெளிநாட்டிலிருந்தெல்லாம் மாணவர்கள் வந்து படிக்கும் கல்லூரி என்று விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம் அல்லவா? பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக் குழு வந்த நாளில் ஒரு வேடிக்கை நடந்தது. குழு முதல் கட்டடத்தில் எங்கள் எத்தியோப்பியாக்காரர் இருந்த வகுப்பைப் பார்த்துவிட்டு டீ குடிக்கும் நேரத்தில், தாளாளர் சொன்னபடி அவரை இரண்டாம் கட்டடத்துக்கு அழைத்துப்போய் முதல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பிறகு பட்டறையில். பிறகு வரைபடக் கூடத்தில். நான்கு இடத்திலும் குழு அவரைப் பார்த்துத் தலையசைத்தது. நான்கு இடத்திலும் அவர் எழுந்து, "குட் மார்னிங் சார்" என்றார். கடைசியில் குழுத் தலைவர், "நிறைய ஆப்பிரிக்க மாணவர்கள் இருக்காங்க போல" என்றார். தாளாளர் அடக்கமாகச் சிரித்தார். அன்று சாயந்திரம் அலுவலகத்தில் நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

கிரிக்கெட் விஷயம் இதைவிட மோசம். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே பையன்கள் அவர் கையில் பந்தைக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் நாட்டில் அந்த ஆட்டமே கிடையாது. கல்லூரி அணித் தலைவனாக இருந்த பையன், "மச்சான், இவன் உயரத்தப் பாரு. எதிர் டீம் பேன்ட்டுலயே போயிடுவான்" என்றான். எங்கிருந்து ஓடிவர வேண்டும் என்று காட்டினார்கள். அவர் அங்கிருந்து ஓடிவந்து எறிந்தார். பந்து ஏரிக்கரை முள்ளில் விழுந்தது. அடுத்ததும் அங்கேதான். ஒரு ஓவர் முடிவதற்குள் பந்து தொலைந்துபோயிற்று. அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் அவரைக் கூப்பிட்டார்கள். எதிர் அணி பார்த்துப் பயப்படட்டும் என்று எல்லைக் கோட்டில் நிறுத்தினார்கள். வெயிலில் நிற்பார். "உனக்கு ஆடத் தெரியாதுன்னு சொல்லிட வேண்டியதுதானே?" என்று நான் கேட்டேன். "அவங்களுக்கு ஒரு வெஸ்ட் இண்டீஸ் வேணும் சார்" என்றார்.

இனி விடுதிப் பெயர். அவர் வந்த வருஷம் செய்தித்தாள்களில் அவர்கள் நாட்டுப் பஞ்சத்தின் படங்கள் வந்துகொண்டிருந்தன. எலும்பும் தோலுமான குழந்தைகள். பையன்கள் அவருக்குப் பஞ்சம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "பஞ்சம் குளிக்கப் போயிருக்கு", "பஞ்சத்துக்கு லெட்டர் வந்திருக்கு." அறைக் கதவிலும் சாக்கட்டியில் எழுதிவைத்திருந்தார்கள். புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் அவர் காலையிலும் மத்தியானத்திலும் சாப்பாட்டுக் கூடத்துக்கு வரமாட்டார். மூன்று மணிக்கு மேல் வந்து, முட்டை, பால், தயிர் எதுவும் தொடாமல், சோறும் சாம்பாரும் மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போவார். பையன்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

"டேய், பஞ்சத்துக்கு ஊர் ஞாபகம் வந்துடுச்சிடா. இன்னைக்குச் சாப்பிடாது."

"அப்ப அது முட்டை எனக்கு."

அந்தச் சாப்பாட்டுக் கூடத்தைக் கவனித்துக்கொண்ட மாஸ்டர் இருங்காட்டுக்கோட்டைக்காரர். ஆறாவதுக்கு மேல் படிக்காதவர். ஒரு வெள்ளிக்கிழமை நான் அங்கே போனபோது ஒரு தட்டைத் தனியாக மூடி வைத்துக்கொண்டிருந்தார். யாருக்கு என்று கேட்டேன்.

"தொரைக்குதான். மூணு மணிக்கு வரும்."

"அவருக்குப் பசிக்காதா?"

"பஞ்சமும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். ஒரு பொழுது. எங்கூட்ல எங்க அக்கா பொரட்டாசி சனிக்கெழம இருக்கும். இவுரு புதன், வெள்ளி இருக்காரு. அம்மாந்தான். இதுக்கு இன்னா படிப்பு வேணும்?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வயசு முப்பதுன்னு உங்க ஆபீசுல சொல்லிக்கினு கீறாங்களே, அது யாரு எழுதனது?" என்று கேட்டார்.

"நான்தான். ஏன்?"

"முப்பது வயசு ஆளு மூஞ்சியா அது? சின்னப் புள்ள சார்."

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னிடம் காகிதம் இருந்தது.

அந்தக் காகிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேர்க்கையின்போது அவர் கொண்டுவந்தது அவர்கள் ஊர் மாதா கோயில் கொடுத்த பிறப்புச் சான்றிதழ், அதற்கு ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பு. பாஸ்போர்ட் அன்று சென்னையில் ஏதோ முத்திரைக்காகக் கொடுக்கப்பட்டிருந்தது. அது ஜூலை மாதம், ஒரு திங்கட்கிழமை, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மேல். வெளியே வரிசை நின்றது. சான்றிதழில் பிறந்த தேதி 3-13 என்று தொடங்கி, பிறகு வருஷம் இருந்தது. பதிமூன்றாம் மாதம் ஏது? நான் ஒரு நிமிஷம்தான் யோசித்தேன். சில நாட்டுக்காரர்கள் மாதத்தை முன்னால் எழுதுவார்கள் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் மாதம் மூன்று, தேதி பதிமூன்று. விடை கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில், "மார்ச் பதிமூணு, இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். "யெஸ் சார்" என்றார். சான்றிதழில் இருந்த வருஷத்தை அப்படியே எழுதினேன். சிவப்புக் கோடு போட்டேன். வயது முப்பது என்று வந்தது. என்னைவிட ஒரு வயதுதான் சின்னவர். அன்றிலிருந்து, பேச்சில் 'நீ' என்று வந்தாலும், அவரை மரியாதையாக 'அவர்' என்றே நினைக்கப் பழகிவிட்டேன். இன்றும் அப்படித்தான் வருகிறது.

முப்பது வயதில் முதலாண்டுப் படிப்பு என்றால் கதைகள் கிளம்பாதா? பட்டாளத்திலிருந்து ஓடிவந்தவர் என்று விடுதிக் காப்பாளர் சொன்னார். ஊரில் பெண்டாட்டி பிள்ளைகள் இருப்பதாக ஒருவர் சொன்னார். பல வருஷம் தோற்றுத் தோற்று இங்கே வந்தவர் என்று கணக்கு விரிவுரையாளர் சொன்னார். எல்லாவற்றுக்கும் ஆதாரம் என் பதிவேடு. பாஸ்போர்ட் நகல் ஆகஸ்டில் வந்தது. துளை போட்டுக் கோப்பில் சேர்த்தேன். எண்ணைக் குறித்துக்கொண்டேன். பிறந்த தேதியைப் பார்க்கவில்லை. அதுதான் என்னிடம் ஏற்கெனவே இருந்ததே.

இரண்டாம் ஆண்டு செப்டம்பர் பதினோராம் தேதி, புதன்கிழமை, அவர் அலுவலகத்துக்கு வந்து என் மேஜையில் ஒரு கொத்து ஆவாரம்பூவை வைத்தார். நெடுஞ்சாலை ஓரத்தில் பறித்தது. அதற்குள் தமிழ் ஓரளவு பேசுவார்.

"இன்னைக்குப் புது வருஷம் சார். எங்க ஊர்ல மஞ்சப் பூ குடுப்போம்."

"செப்டம்பர்ல என்ன புது வருஷம்?"

அவர் ஒரு காகிதத்தை எடுத்துக் கட்டம் போட்டுக் காட்டினார். பன்னிரண்டு மாதம், ஒவ்வொன்றும் முப்பது நாள். மீதி ஐந்து நாளுக்கு ஒரு குட்டி மாதம். அது பதிமூன்றாவது. அது நேற்று முடிந்தது. வருஷக் கணக்கும் நம்முடையதைவிட ஏழோ எட்டோ குறைவாக ஓடும்.

அவர் போன பிறகு கோப்பை எடுத்துப் பாஸ்போர்ட் நகலைப் பார்த்தேன். செப்டம்பர் எட்டு. பதிமூன்றாம் மாதம் மூன்றாம் தேதி என்பது அதேதான். மூன்று நாள் முன்னால் அவருக்கு இருபத்து மூன்று முடிந்திருந்தது. நான் அவருக்குக் கூட்டி எழுதியிருந்தது எட்டு வருஷம், ஐந்து மாதம், இருபத்தாறு நாள்.

நான் யார் பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவின் கணக்குகளெல்லாம் பசலி ஆண்டில் இருக்கும். ஐந்நூற்றுத் தொண்ணூறைக் கூட்டினால் ஆங்கில வருஷம் என்று பத்து வயதில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். தெலுங்குப் பஞ்சாங்கத்தில் அதிக மாதம் வந்தால் வருஷத்துக்குப் பதிமூன்று மாதம் என்பதும் எனக்குத் தெரியும். ஒரே ஊரில் மூன்று விதமாக வருஷம் ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவன், வெளிநாட்டான் ஒருவனுக்கும் அவனுடைய கணக்கு ஒன்று இருக்கும் என்று யோசிக்கவில்லை. அவன் தப்பாக எழுதியிருப்பான் என்றுதான் யோசித்தேன்.

மறுநாள் அவரை மரத்தடிக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். "அன்னைக்கே உனக்குத் தெரியும் இல்ல? ஏன் சொல்லல?"

அவர் பாதி ஆங்கிலத்திலும் பாதி தமிழிலும் சொன்னார். அவருக்குப் பதினைந்து வயது இருக்கும்போது அவர்கள் ஊரில் பட்டாளத்து ஆட்சி. படிக்கிற பையன்களைத் தேடித் தேடிப் பிடித்த காலம். அவரும் அண்ணனும் காப்பிக்கொட்டை மூட்டை ஒன்றை மாமா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். பாலத்தில் சிப்பாய்கள். ஒருவன் அண்ணனைப் பார்த்து, "மூட்டை தூக்குகிறவனா?" என்று கேட்டிருக்கிறான். அண்ணனுக்குப் பதினெட்டு வயது. ரோஷம். "இல்லை, மாணவன்" என்றாராம். அவரை ஓரமாக நிறுத்தினார்கள். அதே சிப்பாய் பின்னால் நின்ற இவரைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டான்.

"நான் ஆமான்னு சொன்னேன் சார். போன்னு சொன்னான். மூட்டைய நான் தூக்கிட்டுப் போனேன்."

"அண்ணன்?"

"மாணவன்னு சொன்னாரு இல்ல சார்" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை.

நான் பதிவேட்டைத் திருத்தப் போவதாகச் சொன்னேன். "விடுங்க சார். ஒண்ணும் ஆகாது" என்றார். அந்த ஒரு வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். பதிவேட்டில் அடித்து எழுத முதல்வர் கையெழுத்து வேண்டும். பல்கலைக்கழகம் தகுதிச் சான்றை அந்தத் தேதியில்தான் கொடுத்திருந்தது. அவர்களுக்கு விளக்கம் எழுத வேண்டும். எனக்கோ வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தவறு என் கையெழுத்தில் இருந்தது. அவரே விடுங்கள் என்கிறார். விட்டேன்.

இதற்கு நடுவில் கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஒரு நாள் அவரைச் சாலை ஓரத்து மாதா கோயில் வாசலில் பார்த்தேன். ஜனவரி ஏழு. செருப்பைக் கழற்றிவிட்டு, வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு படிக்குக் கீழே நின்றார். உபதேசியார் வெளியே வந்து, "பண்டிக முடிஞ்சி பதிமூணு நாளாச்சிப்பா. இப்ப வந்து நின்னா? டிசம்பர்ல வரணும். கிறிஸ்தவன் தானே நீ?" என்றார். அவர்களுக்கு அன்றுதான் கிறிஸ்துமஸ் என்று எனக்கு அப்போது தெரிந்திருந்தது. அவர், "சரிங்க ஐயா" என்றார். உபதேசியார் உள்ளே போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். நானும் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வெளிநாட்டு மாணவர்கள் ஒவ்வொரு வருஷமும் மாவட்டத் தலைமையிடத்துக்குப் போய்த் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். மூன்று தடவை சிக்கலில்லாமல் நடந்தது. அங்கே இருந்த வயதான ஏட்டு பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு, எங்கள் கல்லூரிச் சான்றைப் பிரிக்காமலே கோப்புக் கட்டோடு சேர்த்துவிடுவார். நாலாவது வருஷம் புதிதாக ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். எல்லாக் கோப்புகளையும் எடுத்து ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டார். நான் செய்திருக்க வேண்டிய வேலையை அவர் செய்தார் என்பதுதான் உண்மை. ஜனவரி மாதத்தில் கல்லூரிக்குக் கடிதம் வந்தது: மாணவரும் கல்லூரிப் பிரதிநிதியும் நேரில் வர வேண்டும்.

இறுதித் தேர்வுக்கு மூன்று மாதம் இருந்தது. பட்டம் வாங்கிவிட்டால் நைரோபியில் கடை வைத்திருந்த மாமா வேலைக்கு ஏற்பாடு செய்வதாக எழுதியிருந்தார். பட்டம் இல்லாமல் போனால் ஊர்தான். ஊரில் அந்த வயதுப் பையன்களைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் மத்தியானம் இரண்டு பக்கம் தட்டச்சு செய்தேன். இரண்டு காலண்டருக்கும் ஒப்பீடு, சான்றிதழில் இருப்பது என்ன, நான் எழுதியது என்ன, தவறு யாருடையது, எல்லாம் வரிசையாக. நான் எழுதியவற்றிலேயே நல்ல காகிதம் அது. கையெழுத்து மட்டும் போடவில்லை. தாளாளர் கூப்பிட்டார்.

"இன்ஸ்பெக்டர் இன்னா கேட்டாலும் பையன் குடுத்த சர்ட்டிபிகேட் படின்னு சொல்லிட்டு வந்துடு. காலேஜ் மேல தப்புன்னு எதையும் எழுதிக் குடுத்துட்டு வராதய்யா. இப்பதான் உன்ன நிரந்தரம் பண்ணியிருக்கு."

மறுநாள் அந்தக் காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு மாணவரோடு பஸ் ஏறினேன். சுங்குவார்சத்திரம் தாண்டும்போது, "சார், தூங்கலியா நீங்க?" என்று மட்டும் கேட்டார்.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் அல்ல. உட்காரச் சொன்னார். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இன்னா சார் இது? ஆளு ஒண்ணு, பொறந்த நாளு ரெண்டு. எட்டு வருசம் தள்ளித் தள்ளிப் பொறந்தாரா?"

நின்றிருந்த காவலர் சிரித்தார். இன்ஸ்பெக்டர் மாணவரைப் பார்த்துக் கேட்டார். "எதுப்பா நெஜம்? பாஸ்போர்ட்டா, காலேஜா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பையின் வாய்க்கு வெளியே காகிதத்தின் முனை தெரிந்தது.

"சார் எழுதினது சரி" என்றார் அவர்.

"அப்ப பாஸ்போர்ட்டு தப்பு?"

"ஆமா சார்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்தார். "தம்பி, நீ இன்னா சொல்றேன்னு புரியுதா? பாஸ்போர்ட்டு பொய்ன்னு உன் வாயால சொல்ற." இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். நீங்கதானே எழுதனது?"

மின்விசிறி சுற்றும் சத்தம் நினைவிருக்கிறது. "மாணவர் கொடுத்த சான்றிதழின்படி பதிவு செய்யப்பட்டது" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். கண்டக்டர், "நைஜீரியா, உள்ள போ, உள்ள போ" என்றார். அவர் உள்ளே போனார். தண்டலத்தில் இறங்கிய பிறகு, "ஏன் அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். கேட்க எனக்கு என்ன உரிமை என்று அவர் கேட்டிருக்கலாம். அவர் யோசித்துவிட்டு, "உங்க பேனாவுல இருந்ததைச் சொன்னா விட்டுடுவாங்கன்னு நெனச்சேன் சார். பாலத்துல விட்டாங்க" என்றார்.

பிப்ரவரி மாதம் இரண்டாவது வாரத்தில் உத்தரவு வந்தது. அனுமதி நீட்டிக்கப்படவில்லை, பதினைந்து நாளில் வெளியேற வேண்டும். அறிவிப்புப் பலகையில், வெளிநாட்டு மாணவர்கள் எல்லோரும் சான்றிதழ்களை மறுபடி சரிபார்க்கக் கொண்டுவர வேண்டும் என்று ஒட்டினார்கள். அதைத் தட்டச்சு செய்ததும் நான்தான். "இந்த பாரின் பசங்களே இப்படித்தான்யா. அடுத்த வருசத்துலேருந்து வேணாம்" என்றார் தாளாளர். அவரை நாலு வகுப்பில் உட்கார வைத்தவர். கணக்கு விரிவுரையாளர், தான் அப்போதே சொன்னதாகச் சொன்னார். விடுதியில் அவர் கதவில் இருந்த 'பஞ்சம்' என்ற எழுத்தை யாரோ அழித்துவிட்டு, போலி என்ற பொருளில் 'போகஸ்' என்று எழுதியிருந்தார்கள். மீதி ஐந்து பேரில் இரண்டு பேர் அந்த மாதமே வேறு ஊருக்குப் போய்விட்டார்கள்.

அவர் போனது ஒரு புதன்கிழமை, காலை பத்தரை மணி. ஒரு பெட்டி, ஒரு வரைபடச் சட்டம். சாப்பாட்டுக் கூடத்து மாஸ்டர் வாழையிலையில் கட்டிய பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் வந்தார்.

"புளிச்சோறு தொரை. பால் கீல் எதுவும் சேக்கல. மூணு மணிக்கு மேல துன்னு."

"சரி மாஸ்டர்."

"ஊருக்குப் போய் லெட்டர் போடு."

"சரி மாஸ்டர்."

என்னிடம் வந்தபோது அவர் கை நீட்டினார். நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். "விடுங்க சார்" என்றார். அதே சொல். பஸ் வந்தது. மாஸ்டர் ரொம்ப நேரம் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, என்னைப் பார்க்காமல், "படிச்சவங்கோ எழுதறது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்றைய என் டைரியில், 'வெயில். பஸ் பத்து நிமிஷம் தாமதம்' என்று இருக்கிறது. வேறொன்றும் இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு செப்டம்பர் எட்டாம் தேதியும் எனக்கு நினைவு வரும். மறக்கவும் முடியாது. அன்று மாதா பிறந்த நாள். அந்தச் சாலை ஓரத்துக் கோயிலில் தேர் இழுப்பார்கள். ஜனவரியில் அவரை வாசலில் நிறுத்திய கோயில், அவர் பிறந்த நாளில் மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

ஒன்றரை வருஷம் கழித்து, எண்பதுகள் முடியும் தறுவாயில், கல்லூரிக்கு ஒரு கடிதம் வந்தது. சூடானில் அகதிகளைக் கவனிக்கும் ஓர் அலுவலகத்திலிருந்து. இன்ன பெயருடைய ஒருவர் எங்கள் கல்லூரியில் ஏழு பருவங்கள் படித்ததாகச் சொல்கிறார். வேறு ஆவணங்கள் எதுவும் அவரிடம் இல்லை. படித்தது உண்மையா, விவரங்கள் சரியா என்று உறுதிப்படுத்த வேண்டும். கீழே அவர் சொன்ன விவரங்கள். பெயர். நாடு. படிப்பு. பிறந்த தேதி, மார்ச் 13. வருஷமும் நான் எழுதிய வருஷம்.

அந்தத் தாளை நான் பல தடவை படித்தேன். பாஸ்போர்ட் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எல்லையைத் தாண்டும்போது விட்டிருக்கலாம், பிடுங்கியிருக்கலாம். யாரோ ஒருவர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து அவரைக் கேட்டிருக்கிறார். அவர் எந்தப் பாலத்தில் எந்தப் பதில் சொன்னால் விடுவார்கள் என்று யோசித்திருக்கிறார். கடைசியில் நான் கொடுத்த பிறந்த நாளைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டுவிட்டார். அங்கே அவருக்கு இப்போது முப்பத்தைந்து வயது.

என் மேஜை இழுப்பறையில் அந்த இரண்டு பக்கக் காகிதம் இருந்தது. கையெழுத்து இல்லாமல், மடிப்பு கலையாமல். எடுத்தேன். அதை அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஆள் ஒன்று, பிறந்த நாள் இரண்டு. இந்தத் தடவை அவர் திரும்பிப் போக ஓர் ஊர்கூட இல்லை. திருத்த வேண்டிய நாள் எல்லாம் போய்விட்டது. பொய் ஒன்றுதான் இனி அவருக்கு உதவும். அதையும் நான் எழுதிக் கொடுத்தால்தான்.

பதிவேட்டைக் கொண்டுவரச் செய்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். சிவப்புக் கோடு கொஞ்சமும் மங்கவில்லை. கடிதத்தில் இருந்ததையும் பதிவேட்டில் இருந்ததையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். தட்டச்சில் காகிதத்தைச் செருகி, 'மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் எங்கள் பதிவேட்டுடன் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டன. சரியானவை' என்று அடித்தேன். முதல்வரிடம் கையெழுத்து வாங்கினேன். சரிபார்த்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டு, கீழே அன்றைய தேதியை எழுதினேன். அந்தக் காகிதத்தில் நான் உண்மை என்று அறிந்து எழுதிய தேதி அது ஒன்றுதான்.